பெரியகருப்பனைக் கொல்ல அனுமதி

திண்டுக்கல்,
நவம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள செழியனுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். வின்னிபெக்கில் பனி விழத் தொடங்கிவிட்டதாக உன் அம்மா சொன்னார்கள். பூ மார்க்கெட்டில் பார்த்தேன். காதை மூடுகிற மாதிரி குல்லா போடுகிறானா என்று என்னிடம் கேட்டார்கள், ஏதோ நான் உன் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல. போடுகிறான் என்று சொல்லிவிட்டேன். போட்டுக்கொள்.

வாட்ஸப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது. அதனால் தாள். நீ படித்தாயா இல்லையா என்று இதில் தெரியாது. அது எனக்கு ஒரு நிம்மதி.

மழை நன்றாகப் பெய்தது. ஆத்தூர் நீர்த்தேக்கம் நிறைந்து மறுகால் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறது. நான் போகவில்லை. என் நாவல் அந்தத் தண்ணீரில்தான் முடிய வேண்டியிருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

என் முதல் புத்தகத்தின் மீதிப் பிரதிகள் கட்டிலுக்கடியில்தான் இருக்கின்றன. யாராவது கேட்டால் நானே தூசி தட்டி, நானே கையெழுத்துப் போட்டு, நானே உறையில் போட்டுத் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போகிறேன். கவுன்ட்டரில் இருக்கும் பாத்திமா அக்கா ஒவ்வொரு முறையும், "இதுவும் புக்குதானா? இம்புட்டுத் தூரம் போகுது, அந்தாளுக்கு அந்த ஊர்ல புக்கே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துகிறார். போன வாரம், எனக்கு ஒன்று கொடு, நானும் பார்க்கிறேன் என்றார். கொடுத்தேன். மறுநாள் போனபோது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முத்திரையை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் குத்தினார்.

வாசிப்பு நின்றுவிட்டது. நின்றது என்று சொல்ல முடியாது. நம் பிரிட்டோவின் புத்தகங்களை அவன் அம்மா ரோஸ்மேரி டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் பேருந்துச் சீட்டைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறான். செம்பட்டி. வத்தலக்குண்டு. சேவுகம்பட்டிப் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போகும்போது படித்தவை. சீட்டு இருக்கும் பக்கம் வரை படிக்கிறேன். அடுத்த பக்கத்தைத் திருப்ப விரல் போவதில்லை. அவனுக்குத் தெரியாததை நான் எப்படித் தெரிந்துகொள்வது. இப்படி ஒரு அலமாரி முழுக்கப் பாதிப் பாதியாகப் படித்து வைத்திருக்கிறேன்.

அவன் போய் ஏழு மாதம் ஆகிறது. நீ அனுப்பிய மலர்வளையம் வந்தது. உனக்கு விசா தாள்கள் அங்கே சிக்கிக் கிடந்ததை எல்லோரும் அறிவார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி நாவல்.

நம் மூவருக்கும் இருந்த விதி உனக்கு நினைவிருக்கும். நீ எழுதுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது, மறந்தும் இருக்கலாம். எம்.ஏ. படித்தபோது கேன்டீனில் வைத்துப் பேசியது. ஒருவர் கதையில் வரும் ஆளை மற்ற இருவரும் கடன் வாங்கலாம். எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். வேலை மாற்றலாம், காதலிக்க வைக்கலாம். கொல்வதற்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டும். பெற்றவரிடம், அதாவது முதலில் எழுதியவரிடம், கேட்க வேண்டும் என்று சொன்னது நீதான்.

என் ஐரினைப் பிரிட்டோ ஒரு கதைக்கு வாங்கிப் போனான். நர்ஸ் ஐரின். திருப்பித் தந்தபோது அவள் கையில் ஒரு குடை இருந்தது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "மழ பெஞ்சது, வாங்கிக் குடுத்தேன். நனைய விட்டு அனுப்பச் சொல்றியா?" என்றான். அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாக் கதையிலும் அந்தக் குடையைச் சுமக்கிறேன். ஒரு விமர்சகர் அதைக் குறியீடு என்று எழுதினார். பிரிட்டோ அதைப் படித்துச் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவனுடைய பெரியகருப்பனை நான் என் நாவலுக்கு வாங்கியிருந்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரியில் லோடு ஏற்றுகிறவன், துண்டைத் தலையில் கட்டாமல் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறவன். அவன் என் நாவலில் மெல்ல மெல்ல ஆத்தூரை நோக்கி நடக்கிறான். ஒவ்வொரு அத்தியாயமும் அவனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. கடைசியில் அவன் இறங்க வேண்டும். ஏறக் கூடாது. முதல் வரியை எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

கடைசிக்கு முந்தைய அத்தியாயம் வரை பிரிட்டோ படித்தான். தாள்களைத் திருப்பித் தரும்போது, "ஏ இளவேனிலு, என் ஆள வச்சு நீ என்னமோ பண்ணப் போற. பண்ணு. ஆனா சோலிய முடிக்கிறதா இருந்தா ஒரு வார்த்த கேட்டுக்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அப்போது கேட்கிறேன் என்றேன். அவன் சனிக்கிழமை பைக்கில் போகும்போது செம்பட்டி தாண்டி, ஓரத்தில் நின்றிருந்த லாரியில் மோதிவிட்டான்.

காய் லாரி. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாலையில் முருங்கைக்காய் கிடந்தது.

நான் இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

இதற்குள் நாவல் அச்சகத்துக்குப் போய்விட்டது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டும். அங்கே ஒரு நண்பர் தன் கடையில் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சகத்துப் பழனிக்குமார், முடித்ததை ஏற்றிவிடலாம் என்று கடைசிப் பதினாறு பக்க ஃபாரத்தைத் தவிர மற்றதெல்லாம் அடித்து அடுக்கிவிட்டார். இனி முன்னால் எதையும் மாற்ற முடியாது. பெரியகருப்பன் அச்சில் ஆத்தூர்ச் சாலையில் பாதி வழியில் நிற்கிறான். பழனிக்குமார் நாளுக்கொரு முறை கூப்பிடுகிறார். "என்னக்கா, ஆளு செத்தானா இல்லையா? சொல்லுங்க, மிஷினு சும்மா நிக்குது."

எழுதிப் பார்த்தேன். தண்ணீரில் இறக்கினேன். முட்டி, இடுப்பு, கழுத்து. அடுத்த வரி தானாக வந்தது. அவன் கரையில் உட்கார்ந்து டீ கேட்கிறான். அடித்துவிட்டு மறுபடி இறக்கினேன். மறுபடி டீ. அப்படி வந்த வரிகளைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் காற்புள்ளி இல்லை. நான் நிறையப் போடுகிறவள். போடாதவன் யார் என்று உனக்குத் தெரியும்.

மனசு சரியில்லை என்று ஒட்டன்சத்திரம் போனேன். காலை நேரம், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே கேரளாவுக்குப் போகும் லாரிகள் நின்றன. நாவலுக்கு ஏதாவது கிடைக்குமா என்றுதான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெறுமனே நின்றதைப் பார்த்து ஒரு கமிஷன் கடைக்காரர், "ஏனுங்க, யாரப் பாக்கோணும்?" என்றார். வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

"பெரியகருப்பனுங்களா? இப்பத்தானுங்க திருச்சூர் லோடுல ஏறிப் போனாரு. துண்டக் கையில சுத்தியிருப்பாரே, அவருதானுங்களே? நாளான்னிக்கு வந்துருவாருங்க. ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

துண்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னேனா என்று திண்டுக்கல் வரும்வரை பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு இருக்கிறது. மணிக்கட்டில் துண்டு சுற்றுகிறவர்களும் இருப்பார்கள். பிரிட்டோ யாரையோ பார்த்துத்தான் எழுதியிருப்பான். எல்லாம் சரி. நாளான்னிக்கு நான் போகவில்லை. இனியும் போக மாட்டேன்.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. நீ ஒருமுறை பிரிட்டோவோடு அவன் அப்பா ராயப்பராஜின் கல்லறைக்குப் போயிருக்கிறாய். அதே கல்லறைதான், இப்போது இரண்டு பேர். டீச்சர் முந்தின நாளே ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார். நான் சாயங்காலம் செவ்வந்தி வாங்கிப் போனேன். எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி. காற்றுக்கு அணைவதும் மறுபடி ஏற்றுவதுமாகச் சனங்கள் குனிந்தபடியே இருந்தார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

நான் கேட்கத்தான் போயிருந்தேன், செழியன். விதி விதிதானே. பூவை வைத்துவிட்டு, கேட்டும் விட்டேன். வாய்க்குள்தான்.

பக்கத்தில் திரிக்குக் கை மறைத்துக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தார். "என்னடி முணுமுணுக்குற? செபமா? நீதான் கோயிலுக்கே போக மாட்டியே" என்றார். எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீன், விதி, நாவல், தண்ணீர். முதலில் சிரித்தார். "அந்த லாரிக்காரனா? இவன் எழுதுன அம்புட்டுக் கதையிலயும் வந்து டீ குடிச்சிட்டு நிப்பானே, அவனா?" என்றார். உயிரோடு இருக்கும்போது மகன் கதையைத் தூக்க மாத்திரை என்று கேலி செய்தவர். இந்த ஏழு மாதத்தில் எல்லாவற்றையும் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரே மறுபடி பேசினார். குரல் இறங்கியிருந்தது. "எம்புள்ள போறப்ப எங்கிட்ட யாரும் கேக்கல. நீ ஒருத்திதான் கேக்குற" என்றார்.

சாமியார் எங்களிடம் வந்து, தெளித்து, நகர்ந்தார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். அணைந்த திரியை ஏற்றினார். பையிலிருந்த மெழுகுதிரிகளைப் பார்த்தார்.

"கேட்டுட்டேல்ல. மாட்டேன்னு சொல்றேன். அப்பனுக்கும் மகனுக்கும் ஏத்தவே எனக்குக் கையி ஆடுது. இன்னொருத்தனுக்கும் சேத்து என்னால முடியாது."

கிளம்பும்போது வாசலில் வைத்து என்னை நிறுத்தினார். "அதென்னடி, உங்க மூணு பேரு கதையிலயும் ஒரு பய சாப்பிட மாட்டேங்குறான். டீ டீன்னு அலையுறான். அந்தப் பெரியகருப்பனுக்கு ஒரு வாய் சோறு போடு. வெஞ்சனம், கூட்டு பொரியலோட போடு" என்றார்.

போட்டுவிட்டேன்.

கடைசிப் பதினாறு பக்கத்தில் அவன் தண்ணீரில் இறங்குகிறான். நிற்கிறான். ஏறி வருகிறான். துண்டைப் பிழிந்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, ஆத்தூர்ச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்காருகிறான். கத்தரிக்காய்க் கூட்டு. இரண்டாம் முறை ரசம் கேட்கிறான். அவ்வளவுதான். முந்நூறு பக்கம் அவனைச் சாவுக்கு நடத்திக் கொண்டுபோய், ரசத்தில் முடித்திருக்கிறேன். நாவல் நொண்டுகிறது. படித்தவர்கள் சொல்வார்கள். பழனிக்குமார் இப்போதே சொல்லிவிட்டார்: "என்னக்கா, இம்புட்டு இழுத்துட்டுச் சோத்துல விட்டுட்டீங்க?" பிறகு, "பரவால்ல, இருக்கட்டும்க்கா. பாவம்" என்று சொல்லி மிஷினை ஓட்டப் போனார்.

முடித்துவிட்டால் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. வேறொரு கதையைத் தொடங்கினால் அதன் வாசலில் நிற்கிறான். அந்தக் கதையில் லாரியே இல்லை. ஒன்றும் கேட்பதில்லை, சும்மா நிற்கிறான். என்னால் அவனை உள்ளே கூப்பிடவும் முடியவில்லை, போ என்று சொல்லவும் முடியவில்லை. காற்புள்ளியில்லாத வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எது என் வரி என்று தெரியாமல் போகிறது, செழியன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் அவனை உன்னிடம் அனுப்புகிறேன்.

எழுத நேரம் இல்லை என்று சொல்வாய். வேண்டாம், கதை எழுத வேண்டாம். ஒரு பக்கம் போதும். ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவனை நிறுத்து. பனி எப்படி இருக்கும் என்று அவனுக்குக் காட்டு. இங்கிருந்து ஒரு துண்டோடுதான் வருகிறான், ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடு. சாப்பிட்டானா என்று கேள். நீ தனியாகச் சாப்பிடுகிற மேசையில்தான் இடம் இருக்குமே.

கொல்லாதே. அப்படி ஒரு எண்ணம் வந்தால் டீச்சரிடம் கேட்க வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று எழுதிவிட்டேன்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன் அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விடு. தபாலில் வேண்டாம். திரி அணைந்துகொண்டே இருக்கிறது, கை மறைக்க இன்னொரு ஆள் வேண்டும். வரும்போது அவன் கையில் ஏதாவது கொடுத்துக் கூட்டிவா. அது எதுவாக இருந்தாலும் நான் சுமந்துகொள்கிறேன்.

குல்லாவைப் போட்டுக்கொள். சாலையைப் பார்த்துக் கட. நின்றிருக்கும் வண்டியையும் பார்.

எங்கிருந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று, கோயிலுக்குப் போகாதவள் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்
இளவேனில்