சந்தனம் பூசிய றிவோல்வர்

அஜின்கோட்,
ஒக்ரோபர் 26, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லக்சிகாவுக்கு அப்பா எழுதுவது,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், இடது முழங்கால்தான் அதற்கு ஒத்துவரவில்லை, மற்றும்படி குறையில்லை. அங்கே பேர்த்தில் நீயும் மருமகன் நிசாந்தனும் என் பேத்தி அட்சயாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று போன வெள்ளிக்கிழமையும் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் நீ சாப்பிட்டீங்களா என்பாய், நான் ஓம் என்பேன், மருந்து போட்டீங்களா என்பாய், அதற்கும் ஓம், அதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். இது அப்படி ஓம் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி மாசியில் போய்விட்டாள், மிச்சம் நீதான். அம்மா உன்னைச் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதுக்கு இப்போதாவது பலன் இருக்கட்டும், எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி.

வீட்டில் பெரிய புதினம் ஒன்றும் இல்லை. ஹீற்றர் போட்டாயிற்று, பின்வளவு மரத்தின் இலையெல்லாம் கொட்டிவிட்டது, வாரத்தான் ஆளில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் எனக்கு இரண்டு நாள் போகிறது. மீன் குழம்பு மூன்றாம் நாள் அலுத்துவிடுகிறது, அம்மா இருந்தால் மூன்றாம் நாள் குழம்புதான் ருசி என்று வாதாடியிருப்பாள், வாதாட ஆளில்லாமல் வாய் புளித்துப்போய்க் கிடக்கிறேன். ரீவியைப் பார்ப்பதில்லை, ஆனாலும் காலையில் எழும்பினதும் போட்டுவிடுகிறேன், வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று. அம்மாவின் முதல் வருஷ ஆட்டைத் திவசம் முடியாதபடியால் இந்த முறை ஆயுத பூசையும் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், பேஸ்மென்ற்றில் அம்மா பழைய சேலையை விரித்து என் ஸ்பானர், ட்ரில், தன் தையல் மெசின், கார்த் திறப்பு, பனி வழிக்கிற சவள்வரை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். வரிசையின் கடைசியில் அந்த றிவோல்வர். அதற்கு மட்டும் மேலதிகமாக நல்லெண்ணெய்க் குளிப்பும் நடக்கும்.

அது எப்படி எங்களிடம் வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதல் இருந்தது வோல்ற்றர் என்ற கிழவரின் பேஸ்மென்ற்றில். பிள்ளை குட்டி இல்லாத மனிசன். நான் அவருடைய வாசலில் பனி வழித்தேன், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடப் போனேன், வேறொன்றும் செய்யவில்லை. அவர் செத்தபிறகு லோயரிடமிருந்து கடிதம் வந்தது, சண்முகலிங்கத்துக்கு என்று ஒரு மரப்பெட்டி எழுதி வைத்திருக்கிறார். உள்ளே அவருடைய அப்பப்பா காலத்து றிவோல்வர். குண்டு ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் எனக்கு என்று ஒருவர் ஏதாவது எழுதி வைத்தது அது ஒன்றுதான், அதனால்தான் அதை விட மனம் வராமல் இருந்தது. போன ஆவணியில் நிசாந்தன் ஃபோனில், மாமா இப்ப சட்டம் இறுக்கம், உந்த றிவோல்வரைப் பேசாமல் பொலிசிட்டைக் குடுத்துவிடுங்கோ என்று சொன்னபோது நான் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். அவரிடம் சொல், மாமா கோபத்தில் இல்லை என்று.

பிறகு மாக்கஸிடம் சொன்னேன். மாக்கஸைத் தெரியும்தானே, மன்னார்ப் பெடியன், என்னோடு மார்க்கம் தொழிற்சாலையில் வேலை செய்தவன், இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான். வேதக்காரனாக இருந்தாலும் வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்கு ஏற்றிப்போவது அவன்தான், கார்ப் பார்க்கில் இருந்து மோதகத்துக்குக் காவல் இருப்பான். அவன் விசாரித்து, லின்ட்சே பக்கத்தில் டொனா என்று பழைய துவக்குகள் திருத்துகிற பெண் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்தான். 1898க்கு முன்னம் செய்ததும், குண்டு அளவு தடைப் பட்டியலில் இல்லாததுமாக இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாமாம், எதற்கும் முதலில் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். படம் எடுத்தால் சந்தனம்தான் தெரிகிறது. முப்பது வருஷச் சந்தனம், ஒரு வருஷத்துக்கு மேல் இன்னொரு வருஷம். அதைத் துடைத்து நம்பரைக் காட்டச் சொன்னார்.

குசினி மேசையில் பேப்பர் விரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன் பிள்ளை. துடைக்கத் துடைக்க அம்மாவின் பெருவிரல் அழிகிற மாதிரி இருந்தது, கொஞ்சநேரம் துணியை வைத்துவிட்டு அழுதேன், பார்க்க ஆளில்லாதபடியால் வடிவாகவே அழுதேன். அந்தத் தண்ணீரைச் சிங்கில் ஊற்ற மனமில்லாமல் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினேன். பக்கவாட்டை மட்டும்தான் துடைத்தேன். குண்டு போடுகிற சக்கரம் இருக்கிறதே, அதன் முன்பக்கத்தில் அம்மா ஐந்து பொட்டு அப்பி வைத்திருந்தாள், தடிப்பாக, காசு மாதிரி. நம்பர் அங்கே இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். சந்தனத்துக்குக் கீழே பேர்மிங்ஹாம் முத்திரையும் நம்பரும் இருந்தன. டொனா தன் புத்தகங்களில் பார்த்து, 1889இல் செய்தது, குண்டு அளவும் பிரச்சினை இல்லை, தாராளமாக வைத்திருக்கலாம் என்றார். நிசாந்தனை வென்றுவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

அதோடு விட்டிருக்கலாம். சக்கரம் சுழலாமல் இறுகிப்போய்க் கிடந்ததுதானே, அதையும் திருத்தித் தரச்சொல்லி மாக்கஸோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். 96ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு எடுக்கும்போதுதான் அது இறுகியதைக் கண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அம்மாவுக்கு ஏச்சு, உன்ர நல்லெண்ணெய்தான் உதை நாசமாக்கினது, இரும்புக்கு ஆரும் நல்லெண்ணெய் பூசுவினமோ, நீ என்ன அதுக்கு எண்ணெய் வைச்சுத் தோய வாக்கிறியோ என்று. நீயும் கேட்டிருப்பாய். அவள் ஒரு சொல் திருப்பிச் சொல்லமாட்டாள். அடுத்த வருஷமும் பூசுவாள். இருபத்தெட்டு வருஷம் ஏசியிருக்கிறேன், கடைசி வருஷம் அவள் கதிரையில் இருந்தபடி பூசினாள், அன்றைக்கும் விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து எடுக்கப் போனோம். உள்ளே ஒரு ஸ்பிரிங் வில் முறிந்திருந்ததாம், அதைத் தானே செய்து போட்டேன் என்றார் டொனா. எண்ணெய் காய்ந்து பாகாகப் பிடித்திருந்தது உண்மை, ஆனால் அதை ஒரு பின்னேரத்தில் கரைத்துவிட்டாராம், யார் பூசினார்களோ அவர்களால்தான் உள் இரும்பு கறள் பிடிக்காமல் தப்பியது என்றார். எண்ணெய் போனபிறகும் சக்கரம் அசையவில்லையாம். முன்பக்கப் பொட்டுகளைச் சுரண்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் நீலமாக ஏதோ கல்லுமாதிரி. ஒரு கடதாசியில் ஆறு உருண்டையை வைத்து, உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்ததா என்று கேட்டுச் சிரித்தார். பிளே-டோ. பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற அந்த மா. பின்பக்கத்தால் பிதுங்கும்வரை தள்ளி அடைத்திருக்கிறது. மாக்கஸ் சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன். றிவோல்வரையும் உருண்டைகளையும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம்.

401 ஹைவேயில் ஏறியபிறகுதான் எனக்கு அடித்தது. நீலம். உனக்கு எட்டு வயது, குளிர்காலம். உன் பிளே-டோவில் நீல டப்பா வெறுமையாக இருக்க, எங்கே என்று அம்மா கேட்டதற்கு, சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாய். அம்மா பதறி உன்னை டொக்ரரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மாவும் உப்பும்தான், பயமில்லை என்று அனுப்பினார். அது எந்தக் குளிர்காலம் தெரியுமா? என்னை வேலையிலிருந்து நிற்பாட்டி நாலு மாதம், ஊரில் என் தம்பி பொன்னம்பலத்தைக் காணவில்லை என்று கடிதம் வந்து மூன்று கிழமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேஸ்மென்ற்றில் அந்தப் பெட்டியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். நீ படியில் நின்றதை நான் காணவில்லை, ஆனால் நின்றிருக்கிறாய். உனக்குப் பொய் எழுதமாட்டேன் மகள், அன்றைக்கு என் நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. வீட்டில் குண்டு இல்லை என்பது எனக்குத் தெரியும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? குண்டு போகிற ஓட்டைகளை அடைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறாய். அதற்குப் பிறகு நீ தனியாகப் பேஸ்மென்ற்றுக்கு இறங்கவே மாட்டாய், இருட்டுக்குப் பயம் என்று உன்னைப் பகிடி பண்ணினவன் நான்.

மாக்கஸின் தோளைத் தட்டினேன். காரைத் திருப்பு என்றேன். உங்களுக்கென்ன விசரே, வடிவாத் திருத்தி வாங்கிக்கொண்டு வாறம் என்று கத்தினான், கத்திக்கொண்டே அடுத்த எக்சிற்றில் திருப்பினான். டொனாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். விற்கலாம், ஏதாவது மியூசியத்துக்குக் கொடுக்கலாம், என் வீட்டில் இனி வேண்டாம் என்றேன். வோல்ற்றர் கோபிக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய அல்பத்தை எடுத்தேன். 95ஆம் ஆண்டு ஆயுத பூசைப் படம் இருக்கிறது. றிவோல்வருக்கு ஒரேயொரு பொட்டு, பிடியில். 97ஆம் ஆண்டுப் படத்தில் சக்கரத்தில் ஐந்து பொட்டு, பிறகு எல்லாப் படத்திலும் ஐந்து. ஆறாவது ஓட்டை குழலுக்கு நேரே இருக்கிறது, அங்கே விரல் போகாது, நீலமும் வெளியே தெரியாது. தெரிகிற ஐந்தையும் அவள் மூடியிருக்கிறாள் லக்சிகா. நான் கண்டால் உன்னை அடிப்பேன் என்று மூடினாளா, நான் சுரண்டி எடுத்துவிடுவேன் என்று மூடினாளா, எனக்குத் தெரியாது. எது என்றாலும் என் ஏச்சையெல்லாம் தன் நல்லெண்ணெயின் மேல் போட்டுக்கொண்டு வாயே திறக்காமல் போய்விட்டாள். இதுதான் நான் கேட்கவேண்டிய கேள்வி. நீ அவளிடம் சொன்னாயா, அல்லது அவளாகவே கண்டுபிடித்தாளா? நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் இதைப் பற்றி ஒருநாளாவது கதைத்தீர்களா? கதைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. கதைக்காமல் ஆளுக்கு ஒரு மூலையில் இதைச் சுமந்துகொண்டு இருந்தீர்கள் என்றால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை, ஆனாலும் உண்மையை எழுது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

ஆறு உருண்டையும் அம்மாவின் குங்குமச் சிமிழுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒன்றில் உன் நகம் பட்ட அடையாளம் இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

நீயும் மருமகனும் பேத்தியும் நீண்ட ஆயுளோடு, மனதில் பாரம் இல்லாமல் வாழவேண்டும், அதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். அட்சயாவின் இருமலுக்கு மல்லி அவித்துக் கொடு. மாசியில் ஆட்டைத் திவசம், ரிக்கெட் எடுத்ததும் திகதியைச் சொல்லு, மாக்கஸ் எயார்போட்டுக்கு வருவான். அட்சயாவுக்கும் இப்போது எட்டு வயது, அவளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. பேஸ்மென்ற்றைக் கூட்டித் துடைத்து லைற் மாற்றியிருக்கிறேன். இரண்டு பேரும் பயமில்லாமல் இறங்கலாம், அங்கே இப்போது அது இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சண்முகலிங்கம்