பத்து நாள் முந்திய தாள்

எல்ம்ஹேவன்,
1671 மே 18

என் அன்பு அர்சுலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பாவுக்குச் சால்ட்பி துறைமுகத்தில் சுங்க அதிகாரி வேலை கிடைத்து நீங்கள் போன பிறகு, இங்கே என்னோடு பேச ஆளில்லை. ஆள் இருந்தாலும் நான் பேசமாட்டேன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நேற்று மீன்காரி மார்ஜரி, "ஏம்மா, வாய்க்குப் பூட்டுப் போட்டு வச்சிருக்கியா? எத்தனை வேணும்னு கேட்டா தலைய தலைய ஆட்டுற!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பயத்தில் நான்கு ஹெர்ரிங் மீன் அதிகமாக வாங்கிவிட்டேன். இன்னும் மூன்று நாளைக்கு எங்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு.

மற்றபடி நாள் முழுதும் அப்பாவுக்கு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. என் எழுத்து நன்றாக இருக்கிறது என்றுதானே பதினோரு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினார். இன்று உன் கடிதத்தின் மெழுகு முத்திரையைப் பார்த்து, "இது அவங்க அப்பாவோட சுங்க முத்திரைதானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சூடான கத்தியால் அதை உடையாமல் பெயர்த்து எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன்.

சீக்கிரம் பதில் போடு. நீண்ட கடிதமாக இருக்கட்டும்.

உன் தாமசின்


சால்ட்பி,
ஜூன் 5

தாமசின்,

உங்கள் அப்பா சால்ட்பிக்கு என்று சொல்லிக் கப்பலில் கன்றுத்தோல் ஏற்றினார். வெளிநாட்டுக்குப் போனால்தான் வரி, நம் கரையோரமாகவே போகும் சரக்குக்கு வரியில்லை. இறக்கிய ஊரிலிருந்து முத்திரையிட்ட சான்று திரும்பி வந்தால் போதும். சான்று வந்தது, என் அப்பாவின் முத்திரையோடு. ஆனால் இங்கே ஒரு தோல்கூட இறங்கவில்லை.

மே 19 அன்று உங்கள் ஊர்ச் சுங்கச்சாவடியில் கொடுத்த அந்தத் தாளில் மே 22 என்று தேதி இருந்ததாம். அங்கிருந்த குமாஸ்தா, "இந்த நாளு இன்னும் விடியவே இல்லையே! சால்ட்பிக்காரங்க சூரியனுக்கும் லஞ்சம் குடுத்துட்டாங்களா?" என்று சிரித்திருக்கிறான். உங்கள் அப்பாவோ, "கப்பல்காரன் கொண்டுவந்த தாளைக் குடுத்தேன். எனக்கென்ன தெரியும்? சால்ட்பி அதிகாரி கிரேனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

முத்திரை அசல். அதனால் காசு வாங்கிக்கொண்டு வைத்தார் என்று என் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் சிறை. தேவாலயத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

விசாரிக்க வந்தவர்கள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடமும் காட்டினார்கள். "இது யாரு எழுத்துன்னு தெரியுதா பாரும்மா" என்றார்கள். தெரியாது என்றேன்.

மேசையில் கிடக்கிறதே என்று அந்த முத்திரையை எடுத்துக் கடிதத்தில் வைத்தவள் நான்தான். அதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. நீயே போய்ச் சொல்வாய் என்று காத்திருக்கிறேன்.

அர்சுலா


எல்ம்ஹேவன்,
ஜூன் 11

அர்சுலா,

நான்தான் எழுதினேன். தோல் ஹாலந்தில் உள்ள ராட்டர்டாமுக்குப் போயிற்று. அங்கிருந்து கப்பல் தலைவர் எழுதிய கடிதத்திலிருந்த தேதியைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டேன். ஹாலந்துக்காரர்களின் நாட்காட்டி நம்முடையதைவிடப் பத்து நாள் முன்னால் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. "பத்து நாளைக் கழிக்கணும்னு தெரியாதா? இதுக்கா உன்னை எழுத வச்சேன்?" என்று அப்பா மேசையைக் குத்தினார். அவருடைய கோபமெல்லாம் தேதிக்காக மட்டும்தான்.

"உண்மையைச் சொல்லிடலாம்ப்பா" என்றேன். அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க அம்மா போனப்புறம் எனக்குன்னு நீ ஒருத்திதாம்மா. என்னைக் கம்பிக்குப் பின்னால பாக்கணுமா? கிரேனுக்குப் பெரிய இடத்துல ஆளுங்க இருக்காங்க, தப்பிச்சுக்குவாரு" என்றார். உன் அப்பாவுக்கு அப்படி யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பேசவில்லை.

சுங்கச்சாவடி வாசல்வரை மூன்று முறை போனேன். ஒரு முறை அந்தக் குமாஸ்தாவே, "என்னம்மா வேணும்?" என்று கேட்டான். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பிறந்ததிலிருந்து நடந்த தெரு அது.

கொஞ்சம் பொறுத்துக்கொள். கட்டாயம் சொல்லிவிடுவேன்.

தாமசின்


சால்ட்பி,
ஜூலை 2

தாமசின்,

மூன்று வாரம் பொறுத்தேன். நாளை விசாரணை. அந்த எழுத்து யாருடையது என்று அங்கே சொல்லிவிடுவேன். முத்திரையைப் பற்றியும் சொல்வேன். உங்கள் அப்பாவைப் பிடிக்க விசாரணைக்காரர்களின் ஆள் அங்கே வர ஆறாம் தேதி ஆகும். இந்தக் கடிதம் ஐந்தாம் தேதியே உன் கையில் இருக்கும். அந்த ஒரு நாளை என்ன செய்வாயோ, எனக்குத் தெரியவேண்டாம். உனக்குக் கொடுக்க என்னிடம் அதுதான் இருக்கிறது.

அர்சுலா


எல்ம்ஹேவன்,
ஜூலை 7

அர்சுலா,

உன் கடிதம் ஐந்தாம் தேதி காலையில் வந்தது. கரையில் ஒரு கப்பல் நின்றிருந்தது. மதியம் கடல்நீர் ஏறும்போது கிளம்பும் என்றார்கள். அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஏறிப் போயிருப்பார். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன். "ஏம்மா சால்வை போத்தியிருக்க?" என்றார். குளிர் என்றேன். ஜூலையில்.

கப்பல் போன பிறகு சுங்கச்சாவடிக்குப் போனேன். குமாஸ்தா, "மறுபடியும் வழி தவறிட்டியா?" என்றான். இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரையைப் பெயர்த்தது, தோல் போன ஊர், எல்லாம். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மாலையில் அப்பாவை அழைத்துப்போனார்கள். "யாரு சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று சிறைக்கு ரொட்டி கொண்டுபோனேன். அதை வாங்கவில்லை.

சால்ட்பி ஆள் நேற்று வந்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. என் அப்பா மாட்டிக்கொண்டது என்னால். உன்னால் என்று ஒருபோதும் நினைக்காதே.

ஜூன் மாதமே பேசியிருந்தால், என்னைக் காட்டிக்கொடுக்க நீ அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றிருக்க வேண்டாம். அதை இனி மாற்ற என்னால் முடியாது.

இதற்குப் பதில் எழுதாதே. இரக்கப்பட்டு இரண்டு வரி எழுதினாலும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தாமசின் வெல்பி