புரிந்தது என்று சொன்னார்கள்

தாராபுரம்,
ஜனவரி, ஞாயிறு மாலை.

அன்பான ராணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நீயும் கெசியாவும் பேரனும் டல்லாஸ் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று இன்று ஆராதனையில் வேண்டிக்கொண்டேன். தினமும் வீடியோவில்தான் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தச் சின்னத் திரையில் உன் முகம் வந்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிடுகிறேன். பக்கத்தில் மகளும் இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். ஆயுள் முழுக்கக் கல்லூரி நூலகத்தில் இருந்தவன் எழுதும் கடிதம், பொருளடக்கம் இல்லாமல் தொடங்காது. சிரிக்காதே.

1. மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பொருள்கள்
2. வீடும் என் உடம்பும்
3. உன் மாலை வகுப்பும் இன்டர்நெட்டும்
4. நீ இன்னும் ஆறு மாதம் கெசியாவுடன் இருப்பது ஏன் நல்லது

முதலாவது. மாப்பிள்ளை ஷெர்வின், தம்பி கல்யாணத்தை முடித்துக்கொண்டு புதன்கிழமை கோவையிலிருந்து கிளம்புகிறார். அவரிடம் வசம்பு, கொள்ளுப்பொடி, குழந்தைக்கு நீ கேட்ட பழைய பருத்தி வேட்டித் துணி, இட்லிப்பொடி எல்லாம் இந்தக் கடிதத்தோடு கட்டிக் கொடுத்தனுப்புகிறேன். இட்லிப்பொடி நானே அரைத்தது. கொரகொரவென்று இருக்கிறது, உப்பும் கூடியிருக்கலாம். கடையில் வாங்கியது என்று கெசியாவிடம் சொல்லிவிடு.

இரண்டாவது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொய்யா காய்த்துக் கிடக்கிறது, அணில் சாப்பிட்டது போக மீதி எனக்கு. பேப்பரில் வரும் எண் புதிரை வெட்டி உன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து வருகிறேன். கூடு இப்போது மூடுவதில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

பிரசவத்துக்கு நீ கிளம்பும்போது உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துத்தான் அழுதாய். ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் நம் முன்னறையில் காசு வாங்காமல் நடத்திய கணக்கு வகுப்பு. அங்கிருந்தே நடத்தலாம் என்றுதான் வீட்டுக்கு இன்டர்நெட் இழுத்தோம். இங்கே மாலை, அங்கே காலை. கெசியா ஆபீஸ் கிளம்பும் நேரம். நீ நடத்திய கடைசி வகுப்பு நினைவிருக்கிறதா? பேரன் வீறிட்டான். பிள்ளைகள் ஏழு பேரும் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்கள் தெரிந்த டிவிக்கு முன்னால் நின்று அவனுக்கு வேடிக்கை காட்டினார்கள். கணக்கு அதோடு போயிற்று.

பிறகு நான் செய்ததை நீ அறிவாய். நல்ல ஆசிரியர்கள் நடத்திய பாட வீடியோக்களை எல்லாம் தேடி, பாடவாரியாகப் பிரித்து, நூலகத்தில் செய்வதுபோல ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, மாலைதோறும் டிவியில் போட்டேன். டீயும் வர்க்கியும் வைத்தேன். வை-ஃபை பாஸ்வேர்டைக் கரும்பலகையிலேயே எழுதிப்போட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட வரும் தாய்மார் இங்கேயே நின்று ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தையும் முடித்துக்கொண்டு போனார்கள். பாடம் இருக்கிறது, படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். நூலகத்தில் அப்படித்தான் இருந்தது.

ஒவ்வொரு வீடியோவும் முடிந்ததும், புரிந்ததா என்று கேட்பேன். "புரிஞ்சுதுங்க சார்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அதைத்தான் உன்னிடமும் சொன்னேன். வகுப்பு நன்றாகப் போகிறது, நீ கவலைப்படாதே என்று.

போன வியாழக்கிழமை வள்ளியாத்தாள் வந்தாள். பூஜிதாவின் அம்மா, ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவள். ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வந்து, "ஏனுங்க சார், சவுரியமா இருக்கறீங்களா, டீச்சரம்மா சவுரியமுங்களா, பேரன் குப்புற உழுந்துட்டானுங்களா" என்று எல்லாம் விசாரித்தாள். மழை பற்றிப் பேசினாள். கொய்யா பற்றிப் பேசினாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "டீச்சரம்மா எப்பங்க வாராங்க?" என்றாள். இன்னும் ஆறு மாதம் ஆகலாம் என்றேன். "அப்படிங்களா. நல்லதுங்க. புள்ளைகூட இருக்கோணுமில்லீங்க" என்று சொல்லி, முந்தானையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பூஜிதாவின் அரையாண்டுக் கணக்குத் தாள். ராணி, உன் பூஜிதா பெயிலாகியிருக்கிறாள்.

மறுநாள் எல்லாருடைய தாளையும் கேட்டு வாங்கினேன். இரண்டு பேர் கரையேறியிருந்தார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. (x – 3)(x + 5) = 0 என்பதுவரை அழகாக வந்துவிட்டு, விடையை –3, 5 என்று எழுதியிருந்தார்கள். குறியை மாற்றவில்லை. வீடியோவில் அந்த இடத்தை ஆசிரியர் ஒரு மூச்சில் தாண்டிப் போய்விடுகிறார். இதில் வெட்கம் என்னவென்றால், தாளைப் பார்க்காமல் நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் –3, 5 என்றுதான் வந்தது. எத்தனை மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் தலையாட்டியிருக்கிறேன்!

புரியாததைப் புரிந்தது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கடைசியில் பூஜிதா, "நீங்க அத்தன சிரமப்பட்டு நம்பரெல்லாம் போட்டு வெச்சிருந்தீங்க. டீ வேற போட்டுக் குடுத்தீங்க. புரியலீன்னா உங்களுக்குச் சங்கடமாப் போயிருமில்லீங்க சார்" என்றாள். எல்லாரும் கூடிப் பேசித்தான் அப்படிச் சொன்னார்களாம். என் மனம் நோகக் கூடாதென்று ஐந்து பிள்ளைகள் தேர்வில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். இவர்களைக் கோபிப்பதா, கும்பிடுவதா?

டீச்சரிடம் மட்டும் எப்படி உண்மையைச் சொன்னீர்கள் என்றும் கேட்டேன். ஜமுக்காளத்தில் சாய்ந்திருந்த ரைஹான், "டீச்சர்கிட்ட நாங்க எங்கீங்க சார் சொன்னோம்? மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சு சாக்பீஸ எறிவாங்க. சாக்பீஸ் எறியற சேனல் இருந்தா போடுங்க, தினமும் வாரோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இன்டர்நெட் நின்றுபோனது. தேங்காய் லாரி ஒன்று தெருமுனையில் கேபிளை இழுத்துப்போட்டுவிட்டதாம். யாரும் எழுந்து போகவில்லை. கரும்பலகையில் பாஸ்வேர்டை அழித்துவிட்டு அந்தக் கணக்கை எழுதினோம். பூஜிதாதான் கண்டுபிடித்தாள், x – 3 பூஜ்யமாக வேண்டுமென்றால் x எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்க்க வேண்டுமென. ஒரு கணக்குக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பொதுத்தேர்வு மார்ச்சில். பிப்ரவரிக்குள் பாதிப் புத்தகத்தைத் திரும்பப் போட்டாக வேண்டும். பெயிலானால் பூஜிதாவை மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வள்ளியாத்தாள் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் போனதால்தான் எனக்குத் தெரிந்தது.

நான்காவது. கெசியா போன மாதம் வீடியோவில், அம்மா இன்னும் ஆறு மாதம் இருக்கட்டுமா அப்பா என்று கேட்டாள். தாராளமாக இருக்கட்டும் என்றேன். நீ அப்போது குனிந்து குழந்தையின் போர்வையைச் சரி செய்தாய். உனக்கு அங்கே இருக்கத்தான் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மாப்பிள்ளை சாப்பிட வந்தபோது வேறு பேச்சில் சொன்னார். குழந்தைகள் காப்பகத்தில் பிப்ரவரியிலிருந்து இடம் கிடைத்திருக்கிறதாம். வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் சொல்லவில்லையாம். "அத்தை தொட்டிலாட்டறப்ப பதினேழாம் வாய்ப்பாடு சொல்றாங்க மாமா. அவன் அதுக்குத்தான் தூங்கறான்" என்றார். பிறகு, "நீங்களே தாராளமா இருக்கட்டும்னு சொல்லிட்டீங்களாம்ல? 'அவருக்கு நான் இல்லாமலே எல்லாம் நடக்குது'ன்னு அத்தை ஒரு நாள் கெசியாகிட்டச் சொல்லிட்டிருந்தாங்க" என்றார். நான் ரசத்தை விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

நான்காவதற்கு மூன்று காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். விமானக் கட்டணம், அங்கே உனக்கு ஓய்வு, இங்கே வகுப்பு குறையில்லாமல் நடப்பது. மூன்றாவது காரணம் போய்விட்டது. மற்ற இரண்டையும் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. மகளுக்குத் துணை வேண்டும்தான். அவளிடம் எப்படிச் சொல்வதென்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மாத முடிவுக்கு எடுத்த டிக்கெட் இன்னும் ரத்தாகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

குழந்தையின் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் வை. கெசியாவுக்கு என் ஆசி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், முக்கியமாக வரத்தை.

உன்,
தேவானந்தம்

பி.கு.: எழுதியதை வழக்கம்போலத் திரும்பப் படித்துச் சரிபார்த்தேன். பொருளடக்கத்தில் நான்காவது தவறு. இரண்டாவதில் 'ஒரு குறையும் இல்லை' என்ற கடைசி வாக்கியத்தை மட்டும், பிள்ளைகள் சொன்ன "புரிஞ்சுதுங்க" மாதிரி எடுத்துக்கொள்.