சுருண்டுபோன யானைக்காது

ஐப்பசி 14, செவ்வாய்

இன்று தேவாரம் ஊரில் நர்சரிக்காரரோடு என் மனைவி செல்வி சண்டை போட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

அவரிடம் வாங்கிய யானைக்காதுச் செடி வளரவே இல்லை. புது இலையெல்லாம் சுருண்டு சுருண்டு வருகிறது. வெயில் கூடுதலோ, தண்ணீர் கூடுதலோ என்று தொட்டியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கடைசியில் தொட்டியோடு அவர் கடைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கிழங்கு நல்லாத்தான் இருக்கு ஆத்தா. களைமருந்து பட்டாத்தான் இலை இப்பிடிச் சுருளும்" என்றார் அவர்.

"எங்க வீட்டுக்காரரு இருவது வருசமாத் திராட்சைக்கு மருந்தடிக்கிறாக. அவுகளுக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

வரப்புக்குக் களைமருந்து அடிக்கிற டேங்கைத் திராட்சைப் பக்கம் நான் கொண்டுபோகவே மாட்டேன். அதே டேங்கில்தான் உரமாக மீன் அமிலம் கலந்து அவள் செடிக்கு அடித்தேன். வீட்டுச் செடிதானே என்று கழுவக்கூட இல்லை. முதல் இலை சுருண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடையில் ஆள் கூடிவிட்டது. அவர் இரண்டு புதுச் செடியை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது என் காதோடு, "டேங்கக் கழுவிட்டு அடிங்கண்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி புதுச் செடிகளை நட்டாள். "நல்லா ஏமாத்தப் பாத்தாக. நாளைக்கு நீங்களே உங்க கையால மீன் அமிலம் அடிச்சு விடுங்க" என்றாள்.

அதற்கும் சரி என்றேன்.