ஈறு வீங்கிய மாதம்

பிப்ரவரி 9

பல் தேய்த்துத் துப்பினால் இளஞ்சிவப்பாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கீழ்வரிசையில் இடது பக்கம் ஈறு தடித்திருக்கிறது. "நீ பல்லு தேய்க்கிறியா, பாத்திரம் தேய்க்கிறியா?" என்றார் அவர். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே கிண்டல்.

பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் மின்விசிறி இன்னும் சரியாகவில்லை. வெந்துகொண்டே ஊர்ப் பெயர்களைச் சொன்னேன்.

பிப்ரவரி 13

இன்றும் ரத்தம். ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. எழுதலாமா? எழுதினால் என் கண்ணே பட்டுவிடுமோ?

முதல் தடவை உண்டானபோது எனக்கு வாந்தி, மயக்கம் எதுவும் இல்லை. ஈறுதான் வீங்கியது. "எல்லாருக்கும் மசக்கை வயித்துல வரும், உனக்கு வாயில வந்திருக்கு" என்று அக்கா சிரித்தாள். கர்ப்பத்தில் ஈறு வீங்குவது உண்டுதான் என்று டாக்டரும் சொன்னார். ஐந்தாம் மாதம் எல்லாம் முடிந்துபோனது. அதற்கப்புறம் என் ஈறு வீங்கவே இல்லை.

இந்த மாதம் தள்ளிப்போயிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் அப்படித்தான் முன்னே பின்னே ஆகும். தெரியும். ஆனாலும் —

பிப்ரவரி 14

மருந்துக்கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் இருக்கிறது அல்லவா?

அவரிடம் சொல்லவில்லை. போன தடவை அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது.

பிப்ரவரி 18

வலி. தாடைவரை இழுக்கிறது. அவர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார். விழுங்குவதுபோல நடித்து, கைக்குள் மறைத்துக் கொண்டுபோய் எறிந்தேன். கண்ட மாத்திரையை விழுங்கி அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? உப்புத் தண்ணீர் போதும்.

வாய் நாறுகிறது. நாறட்டும். மடத்தனம்தான், ஆனால் வலிக்க வலிக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

கன்னம் உப்பிப் பேச்சு குழறுகிறது. மேலாளர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "வாய்க்குள்ள யாரைம்மா குடிவச்சிருக்கீங்க?" என்றார். சிரித்தேன். அதுவும் வலித்தது.

மத்தியானம் அம்மாவைத் தொலைத்துவிட்ட ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். அழுகையை நிறுத்திவிட்டு என் கன்னத்தைத் தொட்டு, "புண்ணா?" என்றாள். "புண் இல்லை, பாப்பா இருக்கு" என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். மஞ்சள் சட்டை போட்ட குழந்தை அறிவிப்பு அறையில் இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். அவள் அம்மா ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த வண்டியை அறிவித்தேன்.

பிப்ரவரி 21

காய்ச்சல்.

பிப்ரவரி 22

காலையில் வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கினால் உயிர் போகிறது. அவர் என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே படம் எடுக்கும் முன், "மாசமா இருக்க வாய்ப்பிருக்கா?" என்றார்.

"இருக்கு."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. மறைத்ததற்குக் கோபம்கூட வரவில்லை. "நிஜமாவா? ஏய், நிஜமாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சோதித்தார்கள். இல்லை. பக்கத்து லேபில் ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை.

"சீழ் கட்டியிருக்கும்மா" என்றார் டாக்டர். "பல்லு இடுக்குல அழுக்கு காரையா படிஞ்சு, கிருமி உள்ள போயிருக்கு. ஈறு வீங்கறதுக்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். மாசமா இருந்தாலும் வீங்கும், சில மருந்தாலயும் வீங்கும். எதுவானாலும் ரத்தம் நிக்கலைன்னா வந்து காட்டணும். கன்னம் வீங்கி காய்ச்சலும் வந்துட்டா அன்னிக்கே வரணும். விழுங்க முடியாத அளவுக்கு விட்டா உயிருக்கே ஆபத்து. குழந்தைக்காகத்தான் மாத்திரை போடலையா? மாசமா இருக்கறவங்களுக்கும் வைத்தியம் இருக்கும்மா. விட்டாதான் குழந்தைக்கும் கெடுதல்."

எந்தக் குழந்தைக்கு?

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறிச் சீழை எடுத்தார். வலிக்கவில்லை. அதற்குத்தான் அழுதேன்.

பிப்ரவரி 25

மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறேன். இன்று காட்டியபோது அவர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? கொஞ்ச நாள் நானும் சந்தோஷமா இருந்திருப்பேன்ல?"

மார்ச் 2

தள்ளிப்போனது வந்துவிட்டது.

மார்ச் 6

வீக்கம் வற்றிவிட்டது. பேச்சு தெளிந்துவிட்டது என்று மேலாளரும் சொன்னார். நாக்கு மட்டும் அடிக்கடி அந்த இடத்துக்கே போய்த் தடவிப் பார்க்கிறது.

அவர் இரண்டு மெத்தென்ற பிரஷ் வாங்கி வந்திருக்கிறார். காலையில் நான் தேய்க்கும்போது பின்னால் வந்து நின்றார். "மெதுவா. பாத்திரம் இல்ல." தேய்த்துத் துப்பினேன். வெள்ளையாக வந்தது.

"ரத்தம் இல்லியே?"

"இல்ல."

"நல்லது" என்றார். பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். வெளியே போகவில்லை. இந்தத் தடவை என் பக்கத்திலேயே நின்று அழுதார்.