தைப்பூசத்துக் கோவா

வெலிமடை
1912 நவம்பர் 10

அன்பு நண்பன் இத்ரூஸுக்கு வடிவேல் எழுதுவது. நானும் காத்தாயியும் மகள் பேச்சியும் சுகம். உன் வீட்டில் ரஹ்மத்தும்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். உன் பங்குக்கு நீயும் வேண்டிக்கொள்.

கங்காணியின் கடனைத் தீர்த்து, தோட்டத்தை விட்டுப்போக அனுமதித் துண்டு வாங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வந்துவிட்டோம். ஆற்றோரம் நிலக்காரர் பண்டா மாத்தயாவின் ஒரு ஏக்கரை வைகாசி வரைக்கும் குத்தகைக்குப் பிடித்திருக்கிறேன். காத்தாயி மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இனிமே எவன் விடியக்காலம் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குத் தப்படிச்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். பேச்சியையும் கொழுந்தெடுக்கப் பேர் பதிய இருந்தார்கள். இந்த நிலம் சோறு போட்டால் அவள் முதுகில் கூடை ஏறாது. எனக்கு வேறு ஆசை இல்லை.

நீ துணிப் பொட்டணி சுமந்து லயம் லயமாக விற்ற காலத்தில், மழைக்கு எங்கள் காம்பராவில் படுத்துக்கொண்டு, "நான் கடை போடுறேன், நீ காய் போடு" என்பாய். நீ பதுளையில் கடை போட்டுவிட்டாய். எனக்குக் காய்க்கு வழி சொல்.

வடிவேல்


பதுளை
1912 நவம்பர் 21

அன்புத் தோழன் வடிவேலுக்கு இத்ரூஸ் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் யாவரும் நலம். உன் கடிதத்தை ரஹ்மத்தும்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "காத்தாயி கையால எத்தன நாள் ரொட்டி திண்டீங்க, செய்யுங்க" என்றாள்.

நிலம் கிடைத்ததும் மண்வெட்டியைத் தூக்காதே. முதலில் தின்கிறவனைத் தேடு, பிறகு விதையைத் தேடு. உனக்காகத் தோட்டத்துத் துரைமாரின் பங்களாச் சமையல்காரர்களை நானே கண்டு பேசினேன். முட்டைக்கோவா, கரட், லீக்ஸ் கேட்கிறார்கள். வாரம் ஒரு கூடை போதும், ஆனால் ஒரு வாரமும் தப்பக்கூடாது. பங்குனியிலிருந்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரி. இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி விதை. மொத்தமாக விதைத்தால் மொத்தமாக முற்றும். துரைக்கு இருப்பது ஒரு வயிறுதான்.

இத்ரூஸ்


வெலிமடை
1913 ஜனவரி 26

அன்பு இத்ரூஸுக்கு,

கோபித்துக்கொள்ளாமல் படி. நிலத்தைப் பண்படுத்தி முடிக்கவே மார்கழி பிறந்துவிட்டது; மார்கழியில் விதையைத் தொடக்கூடாதென்று காத்தாயி மறித்துவிட்டாள். தைப்பூசத்தன்று அவள் விரதமிருந்து முதல் கை போட, அன்றே விதை முழுவதையும் போட்டுவிட்டேன். உன் கணக்குப்படி போனால் பாதிப் பாத்தி தேய்பிறையிலும் அஷ்டமியிலும் விழும்.

இத்தனை வருடம் கொழுந்தெடுக்க நாங்கள் நாள் பார்த்ததில்லை, தோட்டம் எங்களுடையதல்ல. நமக்கென்று முதன்முதலாக விதைக்கும்போதும் நாள் பார்க்காவிட்டால் நான் எதற்கு லயத்தை விட்டு வந்தேன்? உனக்கும் கடை திறக்க ஒரு வெள்ளிக்கிழமை வேண்டியிருந்ததே.

விதை முளை காட்டத் தொடங்கிவிட்டது. பேச்சி குருவி விரட்டுகிறாள்.

வடிவேல்


பதுளை
1913 பெப்ரவரி 9

வடிவேலுக்கு,

வெள்ளிக்கிழமை திறந்தேன், உண்மைதான். சனிக்கிழமையும் திறந்தேன்.

பங்குனியில் சமையல்காரனுக்கு எதைக் கொடுப்பேன்? என் வாக்கைக் காப்பாற்ற நுவரெலியாவிலிருந்து கோவா வரவழைக்க ஏற்பாடு செய்கிறேன். உனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். எனக்கும்தான்.

இத்ரூஸ்


வெலிமடை
1913 மே 18

இத்ரூஸுக்கு,

நீ சொன்னதுதான் நடந்தது. அத்தனையும் ஒரே வாரத்தில் முற்றியது. மேலே மழையும் பிடித்துக்கொண்டதில் பாதி கோவா நிலத்திலேயே வெடித்தது. மீதியை வண்டியிலேற்றிக்கொண்டு உன் கடைக்கு வந்தேன். புத்தி சொல்லித் திட்டுவாய் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். திட்டியிருக்கலாம்.

நீ கடைப்படியில் நின்று, ஊரார் பார்க்க, "இவ்வளவையும் ஆரு வாங்குற? மாட்டுக்குப் போடுங்க" என்றாய். முன்பின் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சொன்னாய். உள்ளேயிருந்து ரஹ்மத்தும்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பாலத்தடியில் எல்லாவற்றையும் கொட்டினேன். பிழை என்னுடையது, அதை மறைக்கவில்லை. இனிப் பாத்தி பாத்தியாக விதைக்கிறேன். வைகாசியோடு முடியும் குத்தகையை இன்னும் ஒரு வருடம் நீட்டித் தரும்படி பண்டா மாத்தயாவிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் பேச்சை அவர் கேட்பார். நாங்கள் பெரட்டுக்குத் திரும்பக்கூடாது, இத்ரூஸ்.

வடிவேல்


பதுளை
1913 ஜூன் 6

அன்பு வடிவேலுக்கு,

பண்டா மாத்தயாவிடம் பேசினேன். உன் பேரில் தர அவர் சம்மதிக்கவில்லை. உன் நிலத்தையும் பக்கத்து நிலத்தையும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு என் பேரில் எடுத்திருக்கிறேன். நான் எடுக்காவிட்டால் வேறு எவனாவது எடுத்திருப்பான். நீ எருப்போட்ட மண் அந்நியனிடம் போக விடலாமா?

நீங்கள் குடிசையை விட்டுப் போக வேண்டியதில்லை. நீயே மேற்பார்வை பார். மாதச் சம்பளம் தருகிறேன். காத்தாயிக்கும் வேலை உண்டு. மழையோ வெயிலோ உனக்குக் கவலையில்லை. ஒரே ஒரு பேச்சு: விதைக்கும் நாளை நான்தான் சொல்வேன்.

அடுத்த மாதம் வருகிறேன். பழையபடி எனக்குப் படுக்க ஒரு மூலை ஒதுக்கி வை.

என்றும் உன் இத்ரூஸ்


வெலிமடை
1913 செப்டம்பர் 14

முதலாளி இத்ரூஸ் அவர்கள் சமூகத்துக்கு வடிவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் சொன்னபடி இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி விதைத்து வருகிறோம். முதல் பாத்திக் கோவாவை இந்த வண்டியில் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நல்ல காய். பங்களாக்களுக்கு இனி வாரம் தப்பாது.

காத்தாயி விடியலில் களைக்கு இறங்கிவிடுகிறாள். பேச்சியும் வேலைக்கு வருகிறாள். சிறுபிள்ளையானதால் அவளுக்கு அரைப்பேர் போட்டு அரைநாள் கூலி கொடுத்தால் போதும்.

ஜூலையில் தாங்கள் வந்தபோது பண்டா மாத்தயா வீட்டில் நான் படுக்கை சொல்லி வைத்ததற்குத் தாங்கள் வருத்தப்பட்டதாக அறிந்தேன். அடுத்த முறையும் அங்கேயே சொல்லியிருக்கிறேன். எங்கள் குடிசை ஒழுகுகிறது.

சென்ற பாத்தி விதைத்தது அஷ்டமியில் என்று காத்தாயி பிறகு சொன்னாள். நான் நாள் பார்க்கவில்லை. நிலம் எங்களுடையதல்ல.

இப்படிக்கு,
தங்கள் வேலையாள்
வடிவேல்