தஸ்லிமுக்கு: அந்த இடம் எனக்குச் சரிப்படுமா?

என் தஸ்லிம்,

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுத வேண்டிய தேவையே வரவில்லை. ஒரே அறையில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாகக் கிடந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு?

சேதி இதுதான். பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டது. சேர்கிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள். இன்றைக்குப் புதன்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒரே லைனில் நின்றோம். எனக்கு ஊர் கல்லாவி, உனக்கு ராயக்கோட்டை. என்னைவிட எட்டே மாதம் இளையவள் நீ, ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்றாய். ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் பல்கலைக்கழகம், சமூகப்பணியில் முதுகலை.

“நம்மள மாதிரி பொண்ணுங்களப் பத்தித்தான்கா அங்க படிக்கிறாங்க. நாமளே போயி படிச்சா என்னா?” என்றாய்.

டிகிரியை முடித்துவிட்டு லைனில் நின்றுகொண்டிருந்த இரண்டு பேரும் அந்த வாரமே விண்ணப்பித்தோம்.

அதற்குப் பதினைந்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். லீவு கேட்டாய். ஆள் குறைச்சல், இந்த வாரம் போகட்டும் என்றார் சூப்பர்வைசர். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் நின்றாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நான்காம் நாள் டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் உன் உடலோடும் உன் அம்மாவோடும் ஆம்புலன்ஸில் ராயக்கோட்டைக்கு வந்தேன். உன் கையைப் பிடித்து இழுத்துப் போய் அறையில் படுக்க வைத்திருக்கலாம் இல்லையா? இதை உன்னிடம்தான் கேட்க முடியும். நீ பதில் சொல்ல மாட்டாய்.

இரண்டு மாதம் கழித்து நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் ஓடிப்போனது. தமிழிலேயே உன் சாவைச் சொல்லி அழுதேன். அவர்களில் தமிழ் தெரிந்த மேடம் மற்ற இருவருக்கும் சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது, இடம் எனக்குத்தான் என்று. பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை சந்தோஷமாக இருந்தது. பிறகு வாயெல்லாம் கசந்தது. உன்னைக் காட்டி இடம் வாங்கிவிட்டேனா தஸ்லிம்?

அதனால்தான், முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதினேன். வரச் சொன்னார்கள். போன வியாழக்கிழமை போனேன்.

பெரிய பெரிய மரங்கள். வகுப்புக்கு வகுப்பு சுவரில் சிலுவை. மாணவர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நோட்டீஸ் போர்டில் அவர்களுடைய சேவைத் திட்டத்தின் படங்கள். ஒன்றில், தொழிற்பேட்டை விடுதிப் பெண்களுக்கு மாணவர்கள் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் நம்மைப் போலவே நைட்டிமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வெட்கத்தோடு நின்றார்கள். அதைப் பார்த்ததும் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம் போலிருந்தது. இங்கே வந்து நான் எந்தப் பக்கம் நிற்பேன்?

போகவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ரியா என்று ஒரு பெண் கட்டுரை வாசித்தாள். பெண் தொழிலாளர்களுக்குத் தங்கள் உரிமைகள் தெரியாது, அதனால்தான் கேட்பதில்லை என்றாள். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன்.

“அவங்களுக்குத் தெரியும். கேட்டா என்னா ஆவும்னும் தெரியும்.”

நீ ஸ்டூல் கேட்டதைச் சொன்னேன். மாதவிலக்கு நாளிலாவது உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று நீ எழுதி, லைனில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததையும், மறு வாரமே உன்னை இரண்டு மாதம் வேறு லைனுக்குத் தூக்கிப் போட்டதையும் சொன்னேன்.

ரியா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கம்பெனியில் நடந்ததை வைத்து எல்லாக் கம்பெனியையும் பேசலாமா என்றாள். எத்தனை பேரிடம் பேசிவிட்டு அதை எழுதினாள் என்று அவளைக் கேட்டேன். ஆசிரியர் தடுக்கவில்லை, நடுநடுவே இரண்டு பேருக்கும் மொழிபெயர்த்தார். அந்த ஒரு மணி நேரமும் யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை தஸ்லிம். நான் சொல்வது தப்பு என்றார்கள், ஏன் தப்பு என்றும் சொன்னார்கள். லைனில் மூன்று வருடம் நின்றேனே, என்னோடு இப்படி யார் வாதாடினார்கள்?

பிறகு, சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். மதம் மாறச் சொல்வார்களா என்று அம்மா கேட்கச் சொல்லியிருந்தாள், கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஜெபத்துக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள், விருப்பப்பட்டவர்கள் போவார்கள் என்றார். ஆனால் ஆங்கிலம் முதல் வருடம் உயிரை எடுக்கும், சாயங்கால வகுப்பு உண்டு, அப்படியும் சிலர் பாதியில் போயிருக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். கடைசியில் அந்த நோட்டீஸ் போர்டுப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அத எடுத்ததே நான்தான்மா” என்றார். அந்தப் பெண்கள் கேட்டுத்தான் முகாம் நடத்தியதாகச் சொன்னார். படத்தைப் போர்டிலிருந்து கழற்றுவாரா என்று தெரியாது.

அம்மாவுக்குப் பாதி மனசுதான். கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு என்னாத்துக்கு அங்கே என்று இன்னும் கேட்கிறாள். கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தக்காளி மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நேர்முகத் தேர்வில் அழுததையும் சேர்த்து. தஸ்லிம் ஆசைப்பட்ட படிப்பு, அவளுக்காகப் போகப் போகிறேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“அவளுக்காவன்னு போவாத புள்ள. நாளைக்கு அங்க கஷ்டம் வந்தா அவ மேலதான் கோவம் வரும். உனக்கு வேணுமா, அதச் சொல்லு.”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. ரியாவுக்குச் சொல்லாமல் விட்ட பதில்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றை யாரும் மொழிபெயர்க்காமல் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தது.

“வேணும்மா” என்றேன்.

இன்று காலை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். மத்தியானம், சேர்கிறேன் என்று பெங்களூருக்கும் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அந்த இடம் எனக்கு முழுசாகச் சரிப்படுமா என்று இப்போதும் தெரியாது. சரிப்படாத இடங்களில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை, அது மட்டும் தெரியும்.

உனக்கு ஒரு வாக்கு. இனி எந்த அறையிலும் எதையும் வாங்குவதற்காக உன் சாவைச் சொல்ல மாட்டேன். உன்னைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், நீ உயிரோடு இருந்து செய்ததைச் சொல்வேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
செல்வி